கிழப் பூனையைக் கேட்பவர் யார்?

பிராணிக் காப்பகங்களுக்குப் பூனை வேண்டும் என்று போகிறவர்களில் மிகப் பலர் உண்மையில் பூனையைக் கேட்பதில்லை, பூனைக்குட்டியைத்தான் கேட்கிறார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குட்டி துள்ளும்; நூலுருண்டையை உருட்டும்; குழந்தைகளின் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதே காப்பகத்தின் மூலைக் கூண்டில், பதின்மூன்று வயதான ஒரு பெண் பூனை, பல் பாதி போய், முதுகெலும்பு புடைத்துத் தெரிய, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூண்டில் தொங்கும் சீட்டில், "சிறுநீரக வியாதி, தனி ஆகாரம், தினம் மருந்து" என்று எழுதியிருக்கும். வந்தவர்கள் அந்தச் சீட்டைப் படிப்பார்கள். "ஐயோ பாவம்!" என்பார்கள். பிறகு குட்டிகள் இருக்கும் பக்கம் போய்விடுவார்கள்.

இந்த "ஐயோ பாவம்" என்னும் மந்திரத்தைக் கேட்டு எந்தப் பூனைக்கும் இதுவரையில் ஒரு கவளம் ஆகாரம் கிடைத்ததில்லை. ஆகவே இரக்கத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பூனையை வீட்டுக்குக் கொண்டு வந்தால் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை இந்த வாரம் கணக்குப் பார்க்க உத்தேசித்திருக்கிறோம்.

கிழப் பூனை காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது என்றால், அதனிடம் ஏதோ குணக்கேடு இருக்க வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் பூனையுடையதல்ல, காலத்தினுடையது. இங்கிலாந்தில் பிளாஸி என்று ஒரு பூனை. 1995-ம் வருஷக் கடைசியில் பிறந்தது. ஓர் ஆஸ்பத்திரிக்கு அருகே திரிந்துகொண்டிருந்த பூனைக் கூட்டத்திலிருந்து, அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் அதை எடுத்து வளர்த்தார். பத்து வருஷத்துக்குப் பின் அவர் காலமானார். அவருடைய சகோதரி பூனையை ஏற்றுக்கொண்டு பதினான்கு வருஷம் காப்பாற்றினார். அவரும் காலமானார். பிறகு அவருடைய மகன் மூன்று வருஷம் போல வைத்திருந்து, இனித் தம்மால் தக்கபடி கவனிக்க இயலாது என்று கண்டு, 2022-ல், 1927 முதல் நடந்து வரும் "காட்ஸ் புரொடக்ஷன்" என்ற பூனை பாதுகாப்புச் சங்கத்தில் ஒப்படைத்தார். அப்பொழுது பிளாஸிக்கு வயது இருபத்தாறு. காது கேளாது, கண் பார்வையும் மங்கல். இத்தகைய பூனையை யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டார் ஒரு பெண்மணி. கிழப் பூனைகளை வைத்துப் பராமரித்துப் பழகியவர் அவர். அதே வருஷம் நவம்பரில், உயிரோடு இருக்கும் பூனைகளில் மிக மூத்தது என்று கின்னஸ் புத்தகத்தார் பிளாஸிக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

பட்டத்தை விட்டுவிடுவோம். இந்தக் கதையில் பிளாஸியை அடித்துத் துரத்தியவர் ஒருவரும் இல்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எல்லோரும் நன்றாகவே வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் இறந்து போனார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலும் பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தனியாகக் குடித்தனம் செய்யும் பெரியவர்களுக்குப் பூனை துணையாயிருக்கிறது. பெரியவரின் காரியங்கள் முடிந்து, பிள்ளைகள் விமானம் ஏறி, வீட்டுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டால், பூனை எங்கே போகும்? சென்னையில் 1959-ல் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தைப் போன்ற ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஆனால் எவ்வளவு நல்ல காப்பகமானாலும் அது வீடு ஆகாது. பத்து வருஷமாக ஒரே ஜன்னலோரத்தில் படுத்திருந்த பூனைக்கு அங்கே கேட்கும் குரல்களும் வாடைகளும் பெரும் கலக்கம். கூண்டின் முன்பக்கம் வந்து தன் அழகைக் காட்டத் தெரியாமல் அது பின்னால் ஒதுங்கிவிடும். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்வித் தூக்கிச் செல்லும் என்று வைஷ்ணவப் பெரியோர்கள் இரண்டு நியாயங்களைச் சொல்லுவார்கள். கிழப் பூனை விஷயத்திலும் மார்ஜார நியாயமே செல்லுபடியாகும். அது நம்மைத் தேடி வராது. நாம்தான் தூக்கி வரவேண்டும்.

தூக்கி வந்தாயிற்று. இனி வியாதி.

பத்து வயதைக் கடந்த பூனையை மிருக வைத்தியர்கள் முதியது என்று கணக்கிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பூனை, மனிதரில் எழுபத்தைந்தைத் தாண்டிய பாட்டிக்குச் சமம். அந்தப் பிராயத்தில் பூனைகளை மிகுதியாகப் பிடிப்பது சிறுநீரக வியாதி. பூனையின் முன்னோர் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட பிரதேசங்களில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வித்தை அவற்றின் சிறுநீரகத்துக்குத் தெரியும். வியாதியில் முதலில் போவது அந்த வித்தைதான். பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அடிக்கடி நீர் கழிக்கிறது என்று நாம் கவனிக்கும்போது, சிறுநீரகத்தின் வேலை செய்யும் பாகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். போனது திரும்பாது. ஆனால் இருப்பதை வைத்துக்கொண்டு பல பூனைகள் மாதக்கணக்கில், சில பூனைகள் வருஷக்கணக்கில், சௌக்கியமாகவே காலந்தள்ளுகின்றன. பாஸ்பரஸ் குறைந்த ஈரமான ஆகாரம், எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீர்க் கிண்ணங்கள், சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, வைத்தியர் சொன்னால் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றுதல்: சிகிச்சையின் பெரும்பகுதி இவ்வளவுதான்.

ஊசி என்றதும் நமது வாசகிகளில் சிலர் பத்திரிகையை மூடிவிடப் போகிறார்கள். சற்றுப் பொறுங்கள். பூனையின் தோள்களுக்கு நடுவே தோல் தொளதொளவென்று இருக்கும். தாய்ப் பூனை குட்டியைக் கவ்வும் இடம் அதுதான். அங்கே தோலைக் கூடாரம் போல் தூக்கிப் பிடித்து, அதற்குள் ஊசியைச் செலுத்தி, வைத்தியர் குறித்த அளவு நீரை இறங்க விடவேண்டும். நாளத்தைத் தேட வேண்டியதில்லை. சில நிமிஷ வேலை. பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் பல பூனைகள் ஆட்சேபிப்பதே இல்லை. ஏற்றிய நீர் முதுகில் ஒரு சிறு மூட்டை போல் நின்று, சில மணி நேரத்தில் உடம்பில் கலந்துவிடும். வைத்தியர் இரண்டு மூன்று முறை காட்டிக் கொடுத்தால், கோலம் போடும் கைக்கு இது ஒரு பிரமாதமல்ல. நீரிழிவுப் பூனைக்கு இன்சுலின் ஊசி இன்னும் எளிது. ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை, நாள் தவறாமல், போட்டாக வேண்டும். பூனை சாப்பிடாமல் இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது.

கஷ்டமான கேள்வி ஊசி அல்ல, சமையலறை. சைவக் குடும்பத்தார் பலர், "எங்கள் வீட்டுப் பூனை தயிர் சாதந்தான் சாப்பிடுகிறது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பூனை பக்கத்து வீடுகளிலும் கொல்லைப்புறத்திலும் என்ன சாப்பிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பூனைக்கு டாரின் என்ற சத்து ஆகாரத்திலிருந்தே கிடைக்க வேண்டும். அது மாமிசத்திலும் மீனிலும் உண்டு; சாதத்திலும் பருப்பிலும் இல்லை. டாரின் இல்லாவிட்டால் பூனையின் கண் கெடும் என்பது 1975-லும், இருதயம் வீங்கித் தளரும் என்பது 1987-லும் நிரூபணமாயின. பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதேயில்லை. ஆகையால் ஆசாரமுள்ள வீட்டில் பூனை வேண்டுமானால், டப்பாவில் வரும் பூனை ஆகாரத்துக்கு ஒரு தனித் தட்டும், பின்கட்டில் ஓர் இடமும் ஒதுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் இதற்கு ஒருகாலும் சம்மதிக்க மாட்டார்கள் என்றால், பூனையை எடுக்காமலிருப்பதே மேல். மாமல்லபுரத்துச் சிற்பத்தில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்யும் பூனையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் காலடியில் இருப்பவை எலிகள் என்பதையும் சிற்பி மறைக்கவில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் யாருக்குத் தலைவலி, ஜுரம் என்றாலும் பாராசிடமால் மாத்திரையைத் தேடுகிறோம். அதைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தின் விஷத்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே ஒரு மாத்திரை அதன் உயிரைக் குடிக்கப் போதுமானது.

முதுமையில் வரும் சில்லறை உபாதைகளுக்குச் செலவு அதிகமில்லை. 12 வயது கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அமெரிக்க வைத்தியர்கள் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 90-க்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. "என்ன சோம்பேறிப் பூனை!" என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூட்டு வலியாயிருக்கும். ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய பெட்டி, விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு ஒன்று, படுக்க ஒரு மடித்த போர்வை: இவை இல்லாத வீடு ஏது?

வந்த முதல் வாரத்தில் ஒரே ஓர் அறையைக் கொடுங்கள். அது கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு இரண்டு நாள் வெளியே வராமலிருக்கலாம். குழந்தைகள் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஆனால் ஒளிந்திருப்பது வேறு, பட்டினி கிடப்பது வேறு. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமலிருந்தால் ஈரலில் கொழுப்பு மண்டிப் புது ஆபத்து உண்டாகும். ஒரு நாள் முழுவதும் தட்டைத் தொடவில்லையென்றால் மறுநாள் காலையில் வைத்தியரிடம் போய்விட வேண்டும்.

"இவ்வளவும் செய்தால் எலி பிடிக்குமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. பிடிக்காது. எலிக்குப் பொறி வாங்குங்கள்.

எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால், அதற்கு வைத்தியரே நிச்சயமாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கிழப் பூனையிடம் ஒரு சௌகரியம் இருக்கிறது. குட்டி எப்படி வளரும், என்ன வியாதி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. இதனுடைய குணம் தெரியும். வியாதியும் சீட்டில் எழுதியிருக்கிறது. காப்பகத்தாரிடம் ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கி, நீங்கள் நம்பும் மிருக வைத்தியரிடம் காட்டி, மாதம் என்ன செலவாகும் என்று விசாரித்துக்கொண்டு, பிறகு முடிவு செய்யுங்கள். முடியாது என்று முடிவு செய்தால் அதிலும் இழுக்கில்லை. எடுத்துவந்து மூன்றாம் மாதம் திருப்பிக் கொடுப்பதுதான் பூனைக்குப் பெரிய கொடுமை.

முடியும் என்று முடிவு செய்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள். மருந்து கொடுக்க வீட்டில் ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. கல்யாணம், கும்பாபிஷேகம் என்று அவர் வெளியூர் போகும் நாளிலும் பூனைக்கு வேளை தவறக்கூடாது. இன்னொருவருக்கும் கை பழகியிருக்க வேண்டும். அன்றியும், உங்களுக்குப் பின் பூனை யாரிடம் போகவேண்டும் என்பதை அவரிடம் சம்மதம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, அதன் வைத்தியத் தாள்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். வீட்டில் நோயில்லாத இளம் பூனையை வைத்திருப்பவர்களும் அந்தக் காகிதத்தை இன்றே எழுதலாம்.