பழைய ஆபீஸ் மாடியில் சோலார்: முதல் செலவு பேனலுக்கு அல்ல

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மொட்டை மாடிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ், டி.டி.பி. சென்டர் என எங்கு பார்த்தாலும் இன்று பத்து கம்ப்யூட்டர்களாவது ஓடுகின்றன. "மாடியில் சோலார் போடுங்கள் சார், கரண்ட் பில்லும் குறையும், யு.பி.எஸ்.ஸும் வேண்டாம்" என்று விற்க வருபவர் சொல்கிறார். இதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பாதீர்கள்.

பேட்டரி இல்லாமல், மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போன அடுத்த நொடியே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போய் ஷாக் அடிக்கக்கூடாது அல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. எனவே சேவ் செய்யாத ஃபைலைக் காப்பாற்றப் போவது உங்கள் பழைய யு.பி.எஸ்.தான். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். மானிட்டரோடு சேர்த்து 120 வாட் இழுக்கும் பத்து டெஸ்க்டாப்கள் எட்டு மணி நேரம் ஓடினால் 9.6 யூனிட். 3 கிலோவாட் போட்டால் தாராளமாகப் போதும். ஏ.சி. தனிக் கணக்கு. வெயில் நேரத்திலேயே வேலை நடப்பதால் வீட்டைவிட ஆபீஸுக்குத்தான் சோலார் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் 2024ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டும்தான். ஆபீஸ்காரர் முழுப் பணத்தையும் கையிலிருந்து போடவேண்டும்.

அந்தப் பணத்தில் முதல் பங்கு எதற்குப் போகவேண்டும்? தளத்துக்கு. சென்னை பாரிமுனைப் பக்கம் உள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில் இருப்பது 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் சின்ன செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிய தளம். கான்கிரீட்டில் போல்ட் அடிப்பது போல இதில் அடித்தால் பிடிப்பும் இருக்காது, மழைக்காலத்தில் கீழே கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் சொட்டும். போல்ட் வேண்டாம் என்று கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைத்தால் உத்தரம் தாங்குமா? இரும்பு பீம்களைச் சுவர்களின் மேல் உட்கார வைத்து, பாரம் தளத்தில் இறங்காமல் செய்வதே நல்லது. பேனலின் எடையைவிட, அதை அடியிலிருந்து தூக்கும் காற்றுதான் பெரிய கவலை. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோலார் கம்பெனி ஆள் காலால் தட்டிப் பார்த்து "ஸ்ட்ராங்கா இருக்கு சார்" என்று சொல்வதெல்லாம் சோதனை ஆகாது. கட்டட இன்ஜினியர் ஒருவருக்கு ஃபீஸ் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தில் ஒழுகல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள். பேனல் 25 வருடம் அங்கேயே இருக்கப் போகிறது. பிறகு தட்டோடு மாற்றவேண்டும் என்றால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டவேண்டும்.

அடுத்து வயரிங். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தில் எர்த்தையும் பழைய ஃபியூஸ் போர்டையும் மாற்றாமல் சோலாரை இணைக்கவே கூடாது.

தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் கவனியுங்கள். பேனல்கள் வரிசையாக ஒன்றோடொன்று இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே குறையும்.

வாடகைக் கட்டடமா? பதினொரு மாத அக்ரிமென்ட்டில் இருந்துகொண்டு 25 வருடச் செலவை நீங்கள் ஏன் செய்யவேண்டும்? உரிமையாளர் போடட்டும், நீங்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரிடம் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் 75 வாட் ஃபேன்களைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் சுற்றும் பி.எல்.டி.சி. ஃபேன்களை மாட்டுங்கள். காலி செய்யும்போது கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.