சிவப்புப் பதாகைக்கு முன்பே

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிவப்பு டெங்கி பதாகை தொங்கிய பிறகுதான் பலரும் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கிறார்கள். சிவப்பு என்றால் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே பத்துப் பேருக்காவது காய்ச்சல். அது தாமதம் என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் டெங்கி வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை கூடுகிறது. ஆனால் அதன் விதையில் ஒரு பங்கு டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையிலேயே விழுந்துவிடுகிறது. ஏடிஸ் கொசு, தேங்கிய நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கும். பிப்ரவரியில் நீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி நனைந்ததும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும் என்பது இதனால்தான்.

வோல்பாக்கியா ஆண் கொசுக்களை விடுகிறார்களே, நமக்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது, உண்மைதான். ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையை அவை என்ன செய்யும்?

2020இல் 35,000க்கும் மேற்பட்டோர் இங்கே டெங்கியால் பாதிக்கப்பட்டனர். நல்லவேளையாக, நாம் வீட்டைச் சுத்தம் செய்யும் போகியும் சீனப் புத்தாண்டும் சரியான நேரத்தில்தான் வருகின்றன. கூடத்தோடு நின்றுவிடுகிறோம், அதுதான் குறை. பழைய வீவக வீடுகளில் துணிக்கம்பு செருகும் குழாய்களை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? மழைநீர் நிற்க அதைவிட வசதியான இடம் இல்லை. இந்தப் போகிக்கு அவற்றுக்கு மூடி போடுங்கள்; தொட்டித் தட்டுகளை நார் கொண்டு தேயுங்கள்.