கப்பலைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் திறக்காத கதவு

ஆடம்பர ஆற்றுக்கப்பல் ஒன்றுக்குள் நாங்கள் முதன்முதலாகப் போனது போன் வழியாகத்தான். ரூமில் நாலு பேர், ஒரு போன், ஒருத்தியின் டேட்டா. சுற்றுலாத்துறை பற்றி ஒரு பிரசன்டேஷன் செய்ய இருந்ததால், இந்தியாவின் 'கங்கா விலாஸ்' கப்பலைச் சுற்றிக் காட்டுகிற வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். அறை, அறைக்குள் கட்டில், கட்டிலில் இருந்தபடியே ஆற்றைப் பார்க்கக் கண்ணாடிக் கதவு, ஸ்பா, ஜிம், சாப்பாட்டுக்கூடம், மேல்தளத்தில் வெயில் காய நாற்காலிகள். எங்கட போர்டிங்கின் ஒரு மாடி முழுக்க அந்த ஒரு அறைக்குள் அடங்கும் எண்டு ஒருத்தி சொன்னாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள்.

வடிவான கப்பல், அதில் சந்தேகமில்லை. 2023 ஜனவரி 13ஆம் திகதி வாரணாசியில் இருந்து அது புறப்பட்டபோது இந்தியப் பிரதமர் மோடியே காணொளி வழியாகக் கொடியசைத்தார். பங்களாதேஷ் ஊடாக அசாமின் திப்ருகர் வரைக்கும் 51 நாள், ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர். முதற் பயணத்தில் போனவர்கள் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த 32 பேர். கப்பலில் 18 அறைகள், 36 பயணிகளுக்குத்தான் இடம். முழுப் பயணத்துக்கும் ஒருவருக்குப் பத்து இலட்சம் இந்திய ரூபாவுக்கும் மேல்.

எங்களைப் பிடித்து நிறுத்தினது விலை இல்லை, ஒரு அளவு. கப்பலின் நீளம் 62 மீற்றர், அகலம் 12 மீற்றர். ஆனால் தண்ணிக்குள் அது இறங்குவது வெறும் 1.4 மீற்றர். சராசரி உயரமான ஒருத்தர் இறங்கி நின்றால் கழுத்தளவு. கங்கை மண்டலை வாரிக்கொண்டு வந்து இண்டைக்கு இங்கே, நாளைக்கு அங்கே திட்டுப் போடுகிற ஆறு. சுற்றுலாக்காரர் விரும்பி வருகிற குளிர்காலத்தில் தண்ணியும் குறைவு. அதனால் கப்பலைத் தட்டையாகக் கட்டவேணும், அதுவும் காணாமல் ஆற்றின் அடியைத் தோண்டி வழி செய்துகொண்டே இருக்கவேணும். ஹால்டியா தொடக்கம் பிரயாக்ராஜ் வரைக்கும் 1,620 கிலோமீற்றர் கங்கையை 1986லேயே முதலாவது தேசிய நீர்வழி எண்டு அறிவித்துவிட்டார்கள். வீடியோ எடுக்கிறவர் "எவ்வளவு அமைதியான ஆறு" எண்டு சொல்கிற அந்த ஆறு, வேலை செய்து வைக்கப்பட்ட ஆறு.

இன்னொரு விசயமும் பிறகுதான் விளங்கினது. கடற்கப்பலில் ஏறினால் பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது தண்ணி. ஆற்றுக்கப்பலில் கிடைப்பது கரை. அதாவது உடுப்புத் தோய்க்கிற பெண்கள், மாடு குளிப்பாட்டுகிற பொடியள், வலை வீசுகிறவர்கள். சரியாச் சொன்னால் விற்பனைக்கு வைத்திருப்பதே அவர்களைத்தான். கட்டிலில் இருந்து பார்க்கிற காட்சிக்குக் காசு கட்டியவர் இருக்கிறார், காட்சியாக இருப்பவருக்கு ஒரு சதமும் இல்லை.

அந்தக் கரைக்கு ஒரு கதை இருக்கு. பீகாரில் சுல்தான்கஞ்சில் இருந்து பீர்பைந்தி வரைக்கும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் கங்கையைச் சில ஜமீந்தார்கள் தங்கட சொத்து எண்டு வைத்திருந்தார்கள். நிலத்தை இல்லை, ஓடுகிற தண்ணியை. மீன் பிடிக்கிறவன் அவர்களுக்கு வரி கட்டவேணும். 1982இல் கஹல்காவ் என்ற இடத்தில் மீனவர்கள் 'கங்கா முக்தி ஆந்தோலன்' எண்டு இயக்கம் தொடங்கினார்கள். சுமார் பத்து வருசப் போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த வரி ஒழிந்தது. அதே கரையோரத்தில்தான் கங்கை டொல்பின்களுக்கான விக்ரமசீலா சரணாலயமும் 1991 தொடக்கம் இருக்கு. அந்த டொல்பினுக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட இல்லை. சத்தத்தை வைத்துத்தான் வழியும் இரையும் கண்டுபிடிக்கும். எஞ்சின் இரைச்சல் அதுக்கு என்ன செய்யும் எண்டு யோசிக்க நாங்கள் விஞ்ஞானபீடத்தில் படிக்கத் தேவையில்லை. கப்பல் இந்த இடத்தையும் கடந்துதான் போகுது. வீடியோக்களில் டொல்பின் வருகிறது, துள்ளுகிறது, பயணிகள் கைதட்டுகிறார்கள். மீனவர்களின் பத்து வருசம் எங்கேயும் வரவில்லை.

இனி அந்தக் கதவுக்கு வருவம். நாங்கள் பார்த்த எந்த வீடியோவிலும் பணியாளர்கள் படுக்கிற அறை இல்லை. சமையலறையைக்கூட ஒருவர் வாசலில் நின்று எட்டிக் காட்டிவிட்டுப் போனார். அந்த 36 பயணிகளுக்கும் ஏறத்தாழ அதேயளவு பணியாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களும் 51 நாள் அதே கப்பலில்தான். அவர்கள் எங்கே படுக்கிறார்கள், எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள்?

இது எங்களுக்கு வெறும் கேள்வி இல்லை. எங்கட பட்ச்சிலேயே மூன்று பேர் "டிகிரி முடியட்டும், ஷிப்புக்குப் போகலாம்" எண்டு நிற்கிறார்கள். கலைப்பீடத்தில் படிச்சவருக்கு இங்கே வேலை எப்ப வரும் எண்டு சொல்லுற அளவுக்குத் துணிவு எங்களுக்கும் இல்லை, அதனால் அவர்களைத் தடுக்கவும் வாயில்லை. 2023 யூனில் காங்கேசன்துறைக்குச் சொகுசுக் கப்பல் வந்தபோது படம் எடுக்கப் போனவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், இப்படிப்பட்ட கப்பலுக்குள் நாங்கள் நேரில் போகிற முதல் நாள், துவாய் அடுக்கிற வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற நாளாகத்தான் இருக்கும்.

கடலில் போகிற கப்பல்களுக்கு 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் இருக்கு. இலங்கையும் 2017இல் அதை ஏற்றுக்கொண்டது. 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு, கிழமைக்கு 77 மணித்தியால ஓய்வு போன்ற அளவுகோல்கள் அதில் இருக்கு. வேலை எடுத்துத் தருவதற்கு எண்டு தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது எண்டும் இருக்கு. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு மாதிரிச் சில செலவுகள்தான் விலக்கு. (ஊரில் ஏஜென்சிக்கு இலட்சக்கணக்கில் கட்டினவர்கள் இந்த வரியை இரண்டாம் தரமும் வாசிக்கலாம்.) ஆனால் அதே சமவாயம் 'கப்பல்' எண்டால் என்ன எண்டு சொல்லுற இடத்தில், உள்நாட்டு நீர்நிலைகளில் மட்டும் ஓடுபவற்றைச் சேர்க்கவில்லை. ஆற்றுக்கப்பலில் துவாய் அடுக்குகிறவர் அந்தக் குடைக்கு வெளியே. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஆற்றுப் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குத் தனியான நெறிமுறை ஒன்று கொண்டுவந்தது. அதில்கூட ஒரு கிழமையில் உச்சமாக 84 மணித்தியாலம் வேலை வாங்கலாம். அதாவது ஏழு நாளும், நாளுக்கு 12 மணித்தியாலம். டானூப்பில் வைன் குடிக்கிற வீடியோக்களில் சிரித்தபடி கிளாசை நீட்டுகிற கைக்கு அது எத்தனையாவது மணித்தியாலம் எண்டு ஒருத்தரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒருவர் எழும்பி, "உங்களுக்கு எரிச்சல், அவ்வளவுதான்" எண்டார். கொஞ்சம் எரிச்சல் இருக்கத்தான் செய்யும், அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தால் யாருக்கு வராது? இன்னொருவர் சொன்னதில் பாரம் இருந்தது: கப்பல் வராவிட்டால் அந்தப் பணியாளர்களுக்கு அந்தச் சம்பளமும் இல்லையே. சரிதான். கப்பலை நிப்பாட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வாரணாசியில் தலைமுறை தலைமுறையாகத் துடுப்புப் போடுகிற மல்லா, நிஷாத் சமூகத்துப் படகோட்டிகளும் ஆற்றில் பயணிகள் வரவேணும் எண்டுதான் நிற்பார்கள். அந்தக் காசு தங்கட படகுக்கும் வரவேணும் எண்டதுதான் அவர்களின் கேள்வி. எங்கட கோபம் சுற்றிக் காட்டுகிற முறையில். கட்டிலின் மெத்தை எத்தனை அங்குலம் எண்டு அளந்து சொல்லுகிற விமர்சகருக்கு, கீழ்த்தளத்தில் ஒரு கபினில் எத்தனை பேர் எண்டு கேட்க ஒரு நிமிசம் ஆகாது. கேட்டால் அடுத்த தடவை இலவசமாகக் கூப்பிடமாட்டார்கள் என்பதுதான் காரணமாக இருக்கவேணும்.

பட்ச்சில் இருக்கிற அந்த மூன்று பேருக்கும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்து வைக்க முதல் ஏஜென்சியில் கேட்கவேண்டியது: கப்பல் கடலில் ஓடுமா, ஆற்றிலா? எந்த நாட்டுக் கொடி? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கா? இந்தக் காசு எதுக்கு, பற்றுச்சீட்டு தருவீங்களா? ஒருவர் அதை மடித்து பேர்சுக்குள் வைத்தார். மற்றவர் போனில் படம் எடுத்தார். மூன்றாவது ஆள் ஏற்கனவே முற்பணம் கட்டிவிட்டாராம்.