மலை காத்த ஊர்

2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ராடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்தத் தரவு இன்று இலவசம். சுமார் 30 மீற்றருக்கு ஓர் உயரப் புள்ளி. கணினியில் இறக்கி, ஒரு பக்கமிருந்து வெயில் விழுவதுபோல் நிழல் தீட்டினால் கண்டியின் மேடுபள்ளம் எழுந்து நிற்கிறது. தெற்கே ஹந்தானை மலை. மகாவலி ஆறு பேராதனையில் மேற்கைத் தொட்டு, கட்டுகஸ்தோட்டையில் வடக்கைச் சுற்றி, தென்னக்கும்புரைப் பக்கமாகக் கிழக்கே இறங்குகிறது. நடுவே, சுமார் 500 மீற்றர் உயரத்தில் நகரம்.

கண்டி மன்னர்களுக்கு இந்தப் படம் மனப்பாடம். நல்ல பாதை போட்டால் பகைவன் வருவான் என்று தெரிந்தே ஒற்றையடிப் பாதைகளை வைத்துக்கொண்டு, கணவாய்களில் முட்கதவு போட்டார்கள். 1638இல் கன்னொருவையில் போர்த்துக்கீசப் படை அழிந்தது. 1803இல் பின்வாங்கிய ஆங்கிலேய மேஜர் டேவியின் படை, வெள்ளம் பாய்ந்த மகாவலியைக் கடக்க வழியின்றி வட்டப்புலுவையில் சிக்கியது. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய வெள்ளையர், பிறகு கடுகண்ணாவை மலையைக் குடைந்து வீதி போட்டார்கள். 1867இல் ரயிலும் வந்தது. அரணாக இருந்த மலை அவர்கள் காலத்தில் தோட்டமானது. இன்று பேர்ச் கணக்கில் விலை போகிறது.

பள்ளத்தில் இடம் தீர்ந்த நகரம் சரிவில் ஏறுகிறது. வீட்டுக்குத் தளம் எடுக்க மலையடியை வெட்டுகிறார்கள். மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போகிறது, மழைநீர் உள்ளே இறங்குகிறது. அப்படியோர் ஆறடி வெட்டு 30 மீற்றர் கட்டத்துக்குள் தெரியவே தெரியாது. ராடார் மரங்களையும் கூரைகளையும் நிலமென்று எடுத்துக்கொள்வதால், உடவத்தகலே காடு இருப்பதைவிட உயர்ந்து தெரியும். இலைகளுக்கிடையே புகுந்து தரையைத் தொடும் விமான லேசர் அளவைதான் இங்கே வேண்டும். செலவு அதிகம்தான், ஆனாலும் நகரத்தைச் சூழ்ந்த சரிவுகளுக்காவது அதை உடனே செய்ய வேண்டும் என்பேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வரைந்தே வைத்திருக்கிறது. ஆனாலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மாவட்டங்களில் மிக அதிக உயிர்களை இழந்தது கண்டிதான். வரைபடம் இருப்பது வேறு, அதன்படி குடியிருக்க முடிவது வேறு. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது தோட்டத்துரை. அதில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலமில்லை. ‘இது அபாய வலயம், எழும்புங்கள்’ என்றால் அவர்கள் எங்கே போவது? சரியும் இடத்தைக் காட்டும் அதே உயரத் தரவு, சரியாத மேட்டையும் காட்டுகிறது. அந்த மேடுகளைத் தோட்டம் தோட்டமாகக் குறித்து, தமிழிலும் வெளியிட்டு, அந்த மக்கள் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்பே அதைத் தொடங்கலாம்.