காசு கொடுத்தவர் கையில் காகிதம் வேண்டும்

புத்தகம் போட எழுத்தாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு, அதன் உரிமையையும் தன் பெயரில் அச்சடித்துக்கொள்பவரைப் பதிப்பாளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், மலைவாழ் மக்களின் பேச்சில் புழங்கும் சொற்களையும் சொலவடைகளையும் பல வருடமாக நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஓய்வின்போது வந்த பணிக்கொடையில் ஒரு பங்கை எடுத்து, ஒரு பதிப்பகத்திடம் கொடுத்துப் புத்தகமாக்கினார். கைக்கு வந்தது 50 பிரதி. 'உரிமை பதிப்பகத்துக்கே' என்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. எத்தனை அச்சானது, எத்தனை விற்றது என்று கேட்டால் பதில் இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதமும் இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு 'அ கோந்த் தொத்தேர்', அதாவது எழுத்தாளர் செலவில், என்று தனிப் பெயர் உண்டு. 1957 மார்ச் மாதத்து பிரெஞ்சுச் சட்டம், அது பதிப்பு ஒப்பந்தமே ஆகாது என்று ஒதுக்கி வைத்தது. நாம் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

அதே 1957-இல் வந்த நம் பதிப்புரிமைச் சட்டமும் சளைத்ததல்ல. 19-ஆம் பிரிவைப் படியுங்கள். கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ராயல்டி எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். ஆகவே நண்பரின் உரிமை இன்னும் நண்பரிடமே இருக்கிறது. அச்சடித்த ஒரு வரி அதைப் பறித்துவிடாது.

தமிழில் புத்தகம் விற்பதில்லை, நூலக ஆணை நிச்சயமில்லை, காகித விலை ஏறிவிட்டது என்பார்கள். உண்மைதான். அப்படியானால் 'அச்சுக்கூலி' என்று பில் போட்டு, எல்லாப் பிரதிகளையும் எழுத்தாளரிடமே கொடுத்துவிடட்டும். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று தனியாகப் பணம் கேட்பவரிடம் உஷாராக இருங்கள்.

வீட்டிலிருந்தபடி பிழை திருத்தித் தரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒற்றுப்பிழை பார்ப்பது ஒரு வேலை, வாக்கியத்தைச் செப்பனிடுவது வேறு வேலை. 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், எடிட்டிங் எவ்வளவு பெரிய உழைப்பு என்று வாழ்ந்து காட்டினார். எது உங்கள் வேலை, பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை முறை பார்க்க வேண்டும், பணம் எப்போது என்ற நான்கையும் எழுதி வாங்கிய பிறகே பேனாவைத் தொடுங்கள். 'புத்தகம் விற்றதும் பார்த்துக்கலாம்' என்பது கூலி ஆகாது.

கோப்பில் இல்லாதது நடக்காதது என்பது நாங்கள் அரசு அலுவலகத்தில் கற்ற பாடம். எழுத்தை விற்றுப் பிழைக்கும் தொழிலில், எழுத்துமூலம் கொடுங்கள் என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.