எசேக்கியா வெட்டிய வாய்க்கால்

தெய்வத்தை நம்புகிறவன் கைகட்டி வாளாவிருப்பான் என்று பரிகசிப்போர் உண்டு. அவர்கள் யூதா தேசத்து எசேக்கியா மன்னனின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும்.

தந்தை ஆகாஸ் பூட்டிவைத்த எருசலேம் ஆலயத்தைத் திறந்து, நின்றுபோன வழிபாட்டை அவன் மீண்டும் நிலைநாட்டினான் என்கிறது விவிலியம். அசீரியரின் அபாயம் நெருங்கவே, மதிலைப் பழுதுபார்த்தான். வெளியிலிருந்த ஊற்றை மறைத்து, அதன் நீரை நகருக்குள் கொணர்ந்தான். அவன் வெட்டுவித்ததாகக் கருதப்படும் சுரங்க வாய்க்கால் ஏறக்குறைய 533 மீட்டர் நீளமுள்ளது. இரு முனைகளிலிருந்தும் பாறையைக் குடைந்துவந்த தொழிலாளர் நடுவில் சந்தித்ததைக் கூறும் கல்வெட்டு 1880-இல் அகப்பட்டது.

கி.மு. 701-இல் சனகெரிப் படையெடுத்தான். அரண் சூழ்ந்த 46 நகரங்களைப் பிடித்ததாக அவனே பொறித்து வைத்திருக்கிறான். எசேக்கியா பொன்னும் வெள்ளியும் கப்பமாகக் கொடுத்தும் ஆபத்து நீங்கவில்லை. பகைவனுடைய மிரட்டல் நிருபத்தை ஆலயத்தில் விரித்து வைத்து, இறைவனை மன்றாடினான் என்பது விவிலிய வரலாறு. எருசலேம் வீழவில்லை, அதைப் பிடித்ததாகச் சனகெரிப்பும் எழுதவில்லை.

வாய்க்கால் வெட்டியாயிற்று என்று அவன் பிரார்த்தனையை விடவில்லை. பிரார்த்தனையை நம்பி வாய்க்கால் வெட்டாமலும் இருக்கவில்லை. தேசத்தைக் காக்க விழைவோர்க்கு இவ்விரண்டும் வேண்டும்.