குளிர் மேல் பழி போடாதீர்கள்

மார்கழி பிறந்தால் போதும், பழைய கார் வைத்திருப்பவர்கள் வீட்டில் எல்லாம் ஒரே பாட்டுதான்: "குளிருக்கு வண்டி ஸ்டார்ட் ஆகலை." ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்பார்கள். பிள்ளைகளைக் கேட்டால், "பழைய இரும்புக்குப் போடுங்கப்பா." இரண்டையும் நான் ஏற்கமாட்டேன்.

பூம்புகாரில் ஏது ஐயா குளிர்? மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான். குளிரில் பேட்டரி பலம் குன்றுவது காஷ்மீரத்துக் கதை. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது சித்திரை வெயில். மார்கழியில் நமக்கு எதிரி பனி ஈரமும் கடலோர உப்புக்காற்றும்தான்.

அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் ஒயர்களிலும் ஈரம் படிந்தால், பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். இதற்கு மருந்து உலர்ந்த பருத்தித் துணி. இக்னிஷனை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் துடையுங்கள். பேட்டரி முனையில் பொடி பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாசலின் தடவுங்கள்.

பேட்டரி மேல் சந்தேகமா? செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால், ஹெட்லைட் மங்கினால், மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பற்றவில்லை என்றால் பேட்டரி நிரபராதி. எனக்குத் தெரிந்த பென்ஷன்காரர் ஒருவர் இரண்டு மார்கழிக்கு இரண்டு பேட்டரி வாங்கினார். மூன்றாம் மார்கழியில் பழந்துணியே போதுமானதாக இருந்தது. பல மாத மருந்துச் செலவு வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

அடுத்தது சோக். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் சோக்குக்குப் பெயரே 'ஸ்டார்த்தேர்'. கிளப்புவதற்கு மட்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. நம்மவர்களோ முழுக்க இழுத்துவிட்டு செல்ஃபை விடாமல் அடிப்பார்கள். பிளக் பெட்ரோலில் நனைந்து, இருந்த வாய்ப்பும் போகும். நம் ஊருக்குப் பாதி இழுத்தால் போதும். ஐந்து விநாடி செல்ஃப், அரை நிமிடம் ஓய்வு. எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் உள்ளே தள்ளிவிடுங்கள். ஷெட் கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபமில்லை. துணியால் தீரும் வேலைக்குப் பணப்பையைத் திறக்கும் நம் பழக்கத்தின் மேல்தான் கோபம். அடுத்த முறை யாராவது "குளிர்" என்றால், முதலில் அந்த மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.